துடைக்காமல் விட்ட சுக்குப் பற்று

என் மகளுக்குத் தலைவலி வந்த நிமிஷத்தை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். வெள்ளிக்கிழமை காலை, மயிலாப்பூரில் அவள் படித்த பள்ளிக்கூடத்தின் பிரேயர், கடவுள் வாழ்த்தில் மூன்றாவது வரி. இரண்டாவது வரி வரைக்கும் தொண்டை கிழியப் பாடிய ஒன்பது வயதுப் பெண், மூன்றாவது வரியில் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு குழந்தை இவ்வளவு கணக்காகச் சொல்லக்கூடிய விஷயத்தை அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. டீச்சர் கேட்கவில்லை. மாடி வீட்டு மாமி கேட்கவில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற ஒரு பெரிய டாக்டர் கேட்கவில்லை. கேள்வி கேட்காத அத்தனை பேரும் பதிலை மட்டும் கையில் தயாராக வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தி.நகரில் பாத்திரக் கடை வாசலில் கோணியை விரித்து உட்கார்ந்து, எவர்சில்வர் பாத்திரங்களில் பேர் வெட்டினேன். ஒரு சின்ன உளி, ஒரு சின்னச் சுத்தி, வேறு எதுவும் எனக்குக் கிடையாது. எழுத்தை நான் ஒழுங்காகக் கற்றதே அந்த பிளாட்பாரத்தில்தான். காகிதத்தில் எழுதினால் கை கோணும், எவர்சில்வரில் கோணாது. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் எந்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாலும் குடத்தின் கழுத்திலோ தூக்கின் மூடியிலோ என் எழுத்து இருக்கும். எழுத்துப் பிழை என்று ஒரு டம்ளர் கூட என்னிடம் திரும்பி வந்ததில்லை, எம்.ஏ. படித்தவர்கள் இதைச் சொல்ல முடியுமா, கேட்டுப் பாருங்கள். கடைசியில் நான் கோணி விரித்த இடத்துக்கு எதிரிலேயே சொந்தமாகப் பாத்திரக் கடை வைத்தேன். எவன் தயவிலும் இல்லை.

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. பாத்திரம் ஒழுகுகிறது என்று யாராவது கொண்டுவந்தால், கடை ஆள் முதலில் துணியை எடுத்துத் துடைக்க வேண்டும். புளியும் கரியும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓட்டை தெரியாது. துடைத்து, தண்ணீர் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். துடைக்காமலே 'நீங்கள் கீழே போட்டிருப்பீர்கள்' என்று சொன்ன ஓர் ஆளை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருக்கிறேன். ஒரு குழம்புச் சட்டிக்கே இவ்வளவு மரியாதை கொடுத்தவன் நான்.

அந்த வெள்ளிக்கிழமை கடையில் ஊதுவத்தி ஏற்றிய கையோடு பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஆட்டோ பிடித்து ஓடினேன். என் பெண் ஆபீஸ் ரூம் பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வெறும் வயித்துல அனுப்பிச்சிட்டீங்களா சார்? பிரேயர்ல மயக்கம் வந்துடுச்சு. இன்னைக்குக் கணக்கு டெஸ்ட் வேற. தலைவலியும் அதே நாள் பார்த்துத்தான் வருது, பாருங்க."

நான்கு இட்லி தின்றுவிட்டுப் போன பெண். அவள் எடுத்த வாந்தி மணலில் இன்னும் கிடந்தது, இட்லி இட்லியாக. அதைத் தாண்டித்தான் அந்த அம்மா ஆபீஸ் ரூமுக்கு வந்திருக்க வேண்டும். கண்ணெதிரே கிடந்ததையும் பார்க்கவில்லை. கணக்கில் என் பெண் வகுப்பிலேயே முதல், டெஸ்டுக்குப் பயந்து படுக்கிற வம்சம் இல்லை நாங்கள். அதையும் சொன்னேன். டீச்சர் அப்போதும் சிரித்தார்.

எங்கள் வீடு மந்தைவெளிப் பக்கம், கீழ் போர்ஷன். என் மனைவி அன்று காலைதான் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பியிருந்தாள். பெண்ணைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே வந்ததுமே மாடி வீட்டு மாமி இறங்கி வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"என்னடி இது, தலையைத் துவட்டாமலே அனுப்பிட்டியா? நீர் கோத்துண்டுடுத்து. எங்காத்துல வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாம ஒரு பொண்ணையும் வாசப்படி தாண்ட விடமாட்டோம்."

"துவட்டித்தான் மாமி அனுப்பினேன்" என்றாள் என் மனைவி, அழுகிற குரலில்.

"துவட்டியிருந்தா இப்படி வருமாடி?"

நானும் சும்மா இருக்கவில்லை. "இன்னாமே, ஈரத்தலையோட அனுப்பிட்டியா?" என்று மனைவி மேல் பாய்ந்தேன். அவள் பெண்ணின் பின்னலை அவிழ்த்து, உலர்ந்திருந்த முடியை மறுபடியும் துவட்ட ஆரம்பித்தாள்.

பிறகு நான் பற்றுப் போட்டேன். சுக்குப் பற்றில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பிளாட்பாரத்தில் வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு வராத தலைவலி இல்லை. மாத்திரை என்று ஒன்று வாங்கியதும் இல்லை. சுக்கைக் கல்லில் இழைத்து, இரும்புக் கரண்டியில் சுடவைத்து, பொறுக்கிற சூட்டில் நெற்றி முழுக்கப் பூசி, பொட்டிலிருந்து கண் இமை வரைக்கும் இறக்கினால், அரை மணி நேரத்தில் வலி ஓடிவிடும். கடையில் எல்லோருக்கும் போட்டிருக்கிறேன். எல்லோரும் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

பூசுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்தேன். அவளுடைய வலது கண் இமை, இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அரைகுறையாகச் சாத்திய கடை ஷட்டர் மாதிரி. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அதன் மேலேயே பற்றைப் பூசினேன்.

"எரியுது நைனா. துடைச்சுடு."

"எரிஞ்சாத்தான்டி கண்ணு வலி ஓடும்."

"கண்ணுல எரியுது நைனா, துடை."

"சும்மா படு. காயட்டும்."

காய்ந்தது. வலி ஓடவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், வெளிச்சம் குத்துகிறது என்றாள். மறுபடியும் வாந்தி எடுத்தாள். பதினோரு மணிக்கு லஸ் பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் 'அவசர சிகிச்சை' என்று சிவப்பில் பலகை. பெரிய டாக்டர் அன்றைக்கு அவரே இருந்தார். மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட பட்டங்கள்.

"எத்தனை நாளா தலைவலி?" என்றார், எங்களைப் பார்க்காமல்.

என் மனைவி பயத்தில், "நேத்தும் முந்தாநேத்தும் லேசா வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தா டாக்டர்" என்றாள். எல்லாக் குழந்தையும் ஸ்கூல் விட்டு வந்ததும் சொல்கிற தலைவலி அது. விளையாடப் போனால் மறந்துவிடும். ஆனால் டாக்டருக்கு அது போதும். ரெண்டு நாள் என்று எழுதிக்கொண்டார்.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாளா?"

"இன்னிக்குக் காலையில."

"அதான். பரீட்சை எப்போ?"

டார்ச்சை எடுத்து அடித்தார். இரண்டு கண்ணும் செக்கச்செவேலென்று தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருந்தன. அவள் வலியில் முகத்தைத் திருப்பினாள். அவர் டார்ச்சை வைத்துவிட்டார்.

"நெத்தியில போட்ட பத்து கண்ணுக்குள்ள போயிருக்கு. அதான் கண்ணைத் திறக்கலை. சைனஸ்தான், வேற ஒண்ணும் இல்லை. ஊசி போட்டு அனுப்பறேன்."

"சார்" என்றேன். "அந்த வலது கண்ணு இமை, பத்து போடறதுக்கு முன்னாடியே எறங்கிக் கீது சார். நான் பார்த்தேன்."

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"பாத்திரக் கடை வெச்சிருக்கேன் சார், தி.நகர்ல."

"அப்போ நீங்க பாத்திரத்தைப் பாருங்க. கண்ணை நான் பார்க்கிறேன்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். நான் தி.நகரில் ஒரு தெருவே எழுந்து வணக்கம் சொல்கிற ஆள். அந்த அறையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஏன் என்றால் அவர் படித்தவர், என் பெண் அவர் கையில் இருக்கிறாள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பார்க்கவே மாட்டேன் என்றா சொன்னார்? 'நான் பார்க்கிறேன்' என்றுதானே சொன்னார்? மேஜை மேல் பஞ்சு இருந்தது. குழாயில் தண்ணீர் இருந்தது. ஒரு குழந்தையின் கண் மேல் காய்ந்து கிடக்கிற சுக்கைத் துடைக்க எத்தனை நேரம் ஆகும்? என் கடை ஆள் தவலைக்குச் செய்கிற வேலையை அவர் என் பெண்ணின் முகத்துக்குச் செய்யவில்லை.

ஊசி போட்டார்கள். ஆட்டோவில் ஏறினோம். மந்தைவெளி முனை வந்ததும், "கண்ணு, வூடு வந்துடுச்சு, எழுந்துரு" என்று தட்டினேன். அசையவில்லை. ஓங்கித் தட்டினேன். இடது கண்ணை முழுதாகவும் வலது கண்ணைக் கீற்றாகவும் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நைனா, நீ ரெண்டு பேரா கீற."

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். என் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"நிறுத்தாதப்பா. அடையாறு வுடு" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருப்பது எனக்குத் தெரியும்.

"இன்னாண்ணே, இப்பத்தான ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றீங்கோ?"

"அது ஆஸ்பத்திரி இல்லப்பா. பட்டம் மாட்டி வெச்சிருக்கற வூடு. நீ வுடு."

அந்த மனுஷர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில், ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்களுக்கு முன்னால் அவரே உள்ளே ஓடி, "கொழந்த கண்ணு தொறக்க மாட்டேங்குது, யாராச்சும் வாங்கோ" என்று கத்தினார். பேச்சை நம்புவதற்குப் பட்டம் தேவையில்லை என்பதற்கு அந்த ஆட்டோக்காரர் எனக்குச் சாட்சி.

அங்கே எமர்ஜென்சியில் ஒரு பெண் டாக்டர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். நுனியில் மட்டும் முடிந்த ஈரத்தலை, கொஞ்சம் கனகாம்பரம். இந்தச் சின்னப் பெண்ணா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. என் மனைவி அவர் கேட்பதற்கு முன்னாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி ஆரம்பித்தாள்:

"எண்ணெய் தேய்ச்சு ஊத்தினேன் டாக்டரம்மா. நல்லாத்தான் துவட்டினேன். நீர் கோத்துக்கிச்சு போல கீது."

"நானும்தான் இன்னைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் கோத்துக்கலையேம்மா" என்றார் அந்தப் பெண், பேச்சோடு பேச்சாக. என் மனைவி அங்கேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அவள் தலையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்றிவைத்த பாரத்தை ஒரு வாக்கியத்தில் இறக்கிவிட்டார்.

அந்தப் பெண் அடுத்துச் செய்ததுதான் நான் சொல்லவந்தது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பஞ்சை நனைத்து, என் மகளின் நெற்றியிலிருந்து பற்றை ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தார். புருவம், பொட்டு, கண் இமை, இமையின் ஓரம். பஞ்சு மஞ்சளும் பழுப்புமாக வந்தது. எறிந்துவிட்டு வேறு பஞ்சு எடுத்தார். கடைசியில் கண்ணைக் கழுவிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தார்.

இடது இமை மேலே போனது. வலது இமை போகவில்லை.

டார்ச் அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன், அவர் தடுக்கவில்லை. வெளிச்சம் பட்டதும் இடது கண்ணின் கருமணி கடுகாகச் சுருங்கியது. வலது கருமணி மிளகு மாதிரி விரிந்து, சுருங்காமல் அப்படியே நின்றது.

"பாப்பா, தலைவலி எப்ப ஆரம்பிச்சுது?"

"ரெண்டு நாளா..." என்று என் மனைவி வாயெடுத்தாள்.

"நீங்க இருங்கம்மா. வலி உங்களுக்கா, பாப்பாவுக்கா? பாப்பா, நீ சொல்லு."

"பிரேயர்ல" என்றாள் என் பெண். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பிரேயர்ல எப்போ?"

"பாட்டுல. மூணாவது வரி."

"லேசா ஆரம்பிச்சு அதிகமாச்சா?"

"இல்ல. டமால்னு. பின்னாடி."

அந்த டாக்டர் அவள் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். கழுத்து மடங்கவில்லை, தோளும் முதுகும் பலகை மாதிரி சேர்ந்து எழுந்தன. மெதுவாகக் கீழே வைத்தார். அதன் பிறகு அவர் நடக்கவில்லை, ஓடினார்.

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கூடவே நடந்து எனக்குச் சொன்னார்: "பிள்ளைங்க தலைவலின்னு நிறைய பேர் வர்றாங்க சார். முக்காவாசி ஜுரம், சளி, கண்ணாடி போடவேண்டிய கண்ணு. ஆனா இன்ன வரியில வந்துச்சுன்னு ஒரு குழந்தை சொன்னா, அந்தத் தலைவலியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது."

ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம். ஒரு ரத்தக் குழாயில் மொட்டு மாதிரி புடைத்திருந்தது வெடித்திருக்கிறது, அது கண்ணுக்குப் போகிற நரம்பை நெருக்குகிறது என்றார்கள். குழந்தைகளுக்கு இது அபூர்வம், ஆனால் வராமலும் இல்லை. அடங்கியிருக்கிற ரத்தம் மறுபடியும் கொட்டினால் பிழைக்க மாட்டாள். அதற்குள் மண்டையைத் திறந்து அந்த மொட்டின் காம்பில் கிளிப் போட வேண்டும். சம்மதம் என்று எழுதிய காகிதத்தை நீட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ். இங்கிலீஷ் எழுத்தில் எத்தனையோ இனிஷியல் வெட்டியவன் நான். அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தை தெரியவில்லை. அந்தப் பெண்ணே பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னார், 'இறந்துபோகலாம்' என்கிற இடம் உட்பட. அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவும் இல்லை, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். கோணலாகத்தான் வந்தது.

மறுநாள் காலையில் ஆபரேஷன். எண்ணெய் தேய்த்து வளர்த்த முடியை வழித்து ஒரு காகிதப் பையில் போட்டு என் மனைவி கையில் கொடுத்தார்கள். என் பெண் பிழைத்தாள். பிழைத்தாள் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். அதற்குள் இருக்கிற நாட்களை எழுத எனக்குத் தெம்பு இல்லை. வலது இமை மட்டும் இன்றைக்கும் ஒரு நூல் கீழே நிற்கும். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு லஸ் நர்ஸிங் ஹோமுக்குப் போனேன். பூப்போட்ட துணி கட்டிய தலையோடு அவளை வாசல் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, டோக்கன் வாங்காமல் நேராக உள்ளே நுழைந்தேன். கதவைச் சாத்தக்கூட இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய டாக்டர் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். பிறகு கேட்டார்:

"கண்ணுல பத்து போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்போ அந்தக் கண்ணை நான் எப்படிப் பார்க்கறது?"

எனக்குச் சகல மரியாதையும் போய்விட்டது. "நான் மூணாங்கிளாஸ். நான் மூடினேன். தொறந்து பார்க்கத்தானே உன்கிட்ட தூக்கினு வந்தேன்? தொடைக்க எவ்ளோ நேரம் ஆவும்யா? சொல்லு, எவ்ளோ நேரம் ஆவும்?"

வாசலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. நர்ஸ் இந்த முறை சிரிக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோவிலும் என் வாய் ஓயவில்லை. "துடைக்க எவ்ளோ நேரம் ஆவும்? ஒரு நிமிஷம் ஆவுமா? சொல்லு கண்ணு, ஒரு நிமிஷம் ஆவுமா?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நானும்தானே துடைன்னு சொன்னேன் நைனா. ரெண்டு தடவ சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள்.

இந்தக் கதையைக் கடையில், கல்யாண வீடுகளில், பீச்சில் வாக்கிங் வருகிறவர்களிடம் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். டாக்டர் வாயடைத்துப்போன இடத்தில் நிறுத்திவிடுவேன். ஆட்டோவில் நடந்ததைச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன். சுக்கு இழைத்த கல்லை, அவள் அதைச் சொன்ன அன்றைக்கே எடுத்துப் பரண் மேல் போட்டேன், இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இருந்தாலும் சொல்கிறேன். அவர் துடைத்திருக்க வேண்டும்.